ஐயரும் ரகசியமும்

புரட்சிக்காரர் ஒருவர் சந்நியாசியாகிவிட்டால் அது நம் வாசகருக்கு உடனே புரிந்துவிடுகிறது. அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்து யோகத்தில் அமர்ந்தார், புரிந்தது. ஆஷ் கொலை வழக்கில் முதல் எதிரியாக நின்ற நீலகண்ட பிரம்மச்சாரி, சிறைவாசமெல்லாம் முடிந்த பிறகு மைசூர்ச் சீமையில் நந்தி மலைப் பக்கம் போய்ச் சாதுவாகி, 1978 வரை ஜீவித்திருந்தார், அதுவும் புரிந்தது. காவி கட்டியவரிடம் நாம் பழைய கணக்கைக் கேட்பதில்லை. ஆனால் அதே புரட்சிக்காரர் காவிக்குப் பதிலாகக் கம்பராமாயணத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்? படிப்பாளியை வைப்பதற்கு நம் வீட்டில் மாடம் கிடையாது. ஆகவே அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சந்நியாசியின் மாடத்திலேயே வைத்துவிடுகிறோம். வ. வே. சு. ஐயருக்கு நம் சரித்திரக்காரர்கள் செய்திருப்பது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஐயரைப் பற்றிய சிறு நூல்களில் ஐந்தாறைப் புரட்டியவர்கள் அந்த அச்சை அறிவார்கள். முதல் பாதி, துப்பாக்கி. திருச்சி வரகனேரியில் 1881இல் பிறப்பு, ரங்கூன், 1907இல் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன், இந்தியா ஹவுஸ், சாவர்க்கர், ராஜ விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துச் சன்னதையே உதறியது, வாரண்டு, பாரிஸ், மாறுவேஷம். பெட்டியில் பொறித்திருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு சந்தேகப்பட்ட ஒற்றனிடம் 'வீர விக்கிரம சிங்' என்று பெயர் சொல்லித் தப்பியதாக ஒரு கதை வரும். வராத புத்தகமே கிடையாது. பிறகு புதுச்சேரி. அங்கே நடுவில் ஒரு கோடு கிழித்தாற்போல இரண்டாம் பாதி தொடங்கிவிடும். தாடி நீளும், கண்ணில் சாந்தி வரும், திருக்குறள், கம்பன், குருகுலம், கடைசியில் நீர்வீழ்ச்சி. முன்பாதி மனிதருக்கும் பின்பாதி மனிதருக்கும் பொதுவாக இருப்பது அந்தத் தாடி ஒன்றுதான்!

ரா. அ. பத்மநாபன் போன்றவர்கள் பாடுபட்டுச் சேகரித்த தகவல்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1980இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது வெறும் புராணம்தான். என் வழக்கு தகவலைப் பற்றியது அல்ல. அந்த நடுக்கோட்டைப் பற்றியது.

வெளியுலகத்தில் இத்தகைய மாற்றங்கள் நடக்காமலில்லை. வங்காளத்துத் தாரக்நாத் தாஸ் அமெரிக்காவுக்குத் தப்பிப் போய் 'ப்ரீ ஹிந்துஸ்தான்' என்று பத்திரிகை நடத்தினார். டால்ஸ்டாயிடமிருந்து 1908இல் அந்தப் புகழ்பெற்ற பதில் கடிதத்தை வாங்கியவர் இவரே. அதைக் குஜராத்தியில் பெயர்த்தவர் காந்தி. யுத்தகாலத்தில் ஜெர்மானியருடன் சேர்ந்து சதி செய்ததாக அமெரிக்காவிலேயே தண்டனை பெற்றுச் சிறை சென்ற அந்த மனிதர், 1924இல் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, பிற்பாடு நியூயார்க்கில் பேராசிரியராக இருந்து 1958இல் காலமானார். சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா லண்டனில் ஐயர் பழகிய வட்டத்தைச் சேர்ந்தவர். ஐரோப்பா முழுதும் அலைந்து, கடைசியில் லெனின்கிராடில் மானிடவியல் ஆராய்ச்சி நிலையத்தில் அறிஞராக அமர்ந்தார். 1937இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. பழைய துப்பாக்கி சில சமயம் திரும்பியும் பார்க்கும்.

இவர்களுக்கெல்லாம் போய் உட்கார ஒரு சர்வகலாசாலை இருந்தது. ஐயருக்கு இல்லை. அன்றைய சென்னை ராஜதானியில் தமிழுக்கென்று பேராசிரியர் நாற்காலிகள் போடப்பட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் வாரண்டு இருந்தவருக்கு யார் கொடுப்பார்கள்? வ. உ. சி. சிறையிலிருந்து வந்து தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். அதுவும் சொந்த முயற்சிதான். ஐயர் தமக்கு வேண்டிய கல்விச்சாலையைத் தாமே கட்டப் புறப்பட்டார். அவருடைய உயர்வும் வீழ்ச்சியும் இரண்டும் அதில் அடங்கியிருக்கின்றன.

நான் இருக்கும் காரிமங்கலத்தில் இந்தத் தலைமுறைப் போராளிகளில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் சுப்பிரமணிய சிவாதான். தருமபுரி போய்ப் பஸ் மாறினால் பாப்பாரப்பட்டி. அவர் ஆசிரமம் வைத்ததும், பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டதும், 1925 ஜூலை 23இல் கண்மூடியதும் அங்கேதான். சிறை கொடுத்த தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாது என்ற தடையோடு ஊர் ஊராக நடந்த மனிதர். எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிவாவைப் பற்றிப் பத்து வாக்கியம் தடங்கலில்லாமல் சொல்வார்கள். ஐயர் யார் என்று கேட்டால், வாஞ்சிக்குத் துப்பாக்கி பழக்கியவர் என்ற ஒரே வாக்கியம் வரும். சிவா இறப்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன், அதே 1925 ஜூன் தொடக்கத்தில், ஐயர் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து மாண்டார். ஒரே கோடையில் இரண்டு பேர். சிவாவைப் பற்றி அந்தப் பத்து வாக்கியம் போதுமா என்பது வேறு விஷயம்; அவர் வாழ்க்கை ஒரே நேர்கோடு, பிள்ளைகளும் சொல்லிவிடலாம். ஐயருடையது அப்படி அல்ல.

ஐயர் எழுதியவற்றிலிருந்தே தொடங்கலாம். கதை எழுதுகிறவன் ஒரு மனிதரை அறிய வேறு வழி தேடமாட்டான்.

திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு பிறந்த விதத்தைப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டது. புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடும்படி பிரெஞ்சுக்காரர்களை ஆங்கில அரசு நெருக்கியது. போனால் திரும்புவோமா என்பது நிச்சயமில்லை. அந்த நிலையில் ஐயர் குறளை எடுத்து, சில மாதங்களில், 1330 குறளையும் ஆங்கிலமாக்கி முடித்தார். 1916இல் புத்தகம் வெளிவந்தது. நடையில் ஆங்கில பைபிளின் சாயல் பலமாக இருக்கிறது. பைபிளைக் கேட்டு வளர்ந்த வெள்ளைக்காரன் காதில் வள்ளுவரும் ஒரு வேதமாக ஒலிக்க வேண்டும் என்ற கணக்கு அது. எனக்கு அந்த நடை முழுக்கப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். வள்ளுவரின் சிரிப்பு அதில் காணாமல் போய்விடுகிறது. காமத்துப்பாலில் அது நன்றாகத் தெரியும். ஊடுகிற பெண் தீர்க்கதரிசியைப் போலப் பேசலாமா? ஆனால் இது சாந்தி அடைந்த சந்நியாசியின் காரியம் அல்ல. கெடு வைத்து, எதிரி வாசலுக்கு வருமுன் முடிக்க வேண்டிய வேலையாக முடித்தது. எந்த இந்தியாவுக்காக லண்டனில் கைத்துப்பாக்கி பழகினாரோ, அதே இந்தியாவின் சார்பில் அதே லண்டன்காரர்களுக்கு எழுதியது.

கம்பனைப் பற்றிய ஆங்கில ஆராய்ச்சியும் அப்படியே. யுத்தம் முடிந்து, பொதுமன்னிப்பில் 1920இல் சென்னை மாகாணத்துக்குத் திரும்பிய ஐயர் 'தேசபக்தன்' ஆசிரியரானார். ராஜத்துரோகக் குற்றத்துக்கு ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறை. அங்கேதான் அந்த நூலை எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் மூவருக்கும் நிகராகக் கம்பனை நிறுத்துவதோடு நில்லாமல், மூலநூல் தந்த வால்மீகிக்கே சவால் விடக்கூடியவன் என்று வாதிக்கிற நூல். காவியத்தின் கட்டுக்கோப்பை எடுத்துக்கொள்கிறார். பாத்திரங்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கிறார். பாட்டுகளைத் தாமே ஆங்கிலச் செய்யுளாக்கித் தருகிறார். தமிழ்க் காவியத்தை உலகக் காவியங்களின் வரிசையில் வைத்து இவ்வளவு விஸ்தாரமாக எடைபோட்டவர் அவருக்கு முன் யார்? எனக்கு லத்தீன் தெரியாது. ஐயர் கல்லூரியில் லத்தீன் படித்தவர்; வர்ஜிலை அவன் மொழியிலேயே அறிந்தவர் பேசுகிறார் என்ற தைரியம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

இதற்கும் பிற்பாடு வந்த டி. கே. சி.யின் கம்பனுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். டி. கே. சி. ஒரு பாட்டைக் கையில் எடுத்து உருட்டி, திருப்பி, வாயில் போட்டுக்கொண்டு, 'ஆஹா' என்பார். கேட்டவர்களுக்கும் வாய் ஊறும். ஐயருக்கு அந்த அவகாசம் இல்லை. அவர் பார்ப்பது கோட்டையை. எந்த மதில் எந்தக் கொத்தளத்தைத் தாங்குகிறது என்பதை. குறையும் அங்கேதான். சன்னது வாங்காத பாரிஸ்டர் கடைசியில் கம்பனுக்காக வக்காலத்து நாமா தாக்கல் செய்கிறார். தம் கட்சிக்காரர் எல்லா வாதத்திலும் ஜெயிக்க வேண்டும் என்ற வேகம் சில இடங்களில் கண்ணை மறைக்கிறது. விமர்சகன் தோற்கவும் சம்மதிக்க வேண்டும், போராளி சம்மதிப்பதில்லை. ஆனாலும் இந்த வேகம் இல்லாவிட்டால் சிறைக்குள் அந்த நூல் எழுதப்பட்டே இராது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கரிபால்டியின் சரித்திரத்தையும் நெப்போலியனையும் தமிழில் எழுதிய கைதான் கம்பனையும் எழுதியது.

இனி 'குளத்தங்கரை அரசமரம்'. 1915இல் பத்திரிகையில் வந்து, பிறகு 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுதியில் சேர்ந்த கதை. தமிழின் முதல் சிறுகதை இதுதானா, பாரதிக்கு அந்த இடமா, செல்வக்கேசவராய முதலியாருக்கா என்று வழக்காடுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. தாகூர் கதையிலிருந்து எடுத்தது என்றும் ஒரு தரப்பு உண்டு; அங்கே படித்துறை பேசுகிறது, இங்கே மரம் பேசுகிறது, அந்த மட்டில் கடன் வாஸ்தவம். எனக்கு இந்த இரண்டு வழக்கிலும் அக்கறை கிடையாது. கதைக்குள்ளே நடப்பது என்ன என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

ருக்மிணி பணக்காரர் பெண். அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் தகப்பனாரின் பணம் போய்விடுகிறது. மாமியார் வீட்டில் அவளை ஒதுக்கி, மகன் நாகராஜனுக்கு வேறு பெண்ணைப் பார்க்கிறார்கள். நாகராஜன் கெட்டவன் அல்ல. பெற்றோர் பேச்சுக்கு இசைவதுபோல் நடித்து, கடைசி நேரத்தில் மறுத்து, அவர்களுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று மனத்துக்குள் திட்டம் போட்டிருக்கிறான். சிநேகிதனுக்கு அது தெரியும். ருக்மிணிக்குத் தெரியாது. மரத்தடியில் அவள் வந்து கண்ணீர் வடிக்கும்போதுகூடத் திட்டத்தை முழுக்கச் சொல்லாமல், தன்னை நம்பும்படி மட்டும் சொல்கிறான். அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

இதை வரதட்சிணைக் கொடுமைக் கதை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் அவளைக் கொன்றது வரதட்சிணை மட்டும் அல்ல. ஒரு நல்லவனுடைய ரகசியம். நோக்கம் உயர்ந்தது, திட்டம் சாமர்த்தியமானது, யாருக்காகத் திட்டமோ அவளுக்கு மட்டும் அது சொல்லப்படவில்லை. இந்தக் கதை வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவனுக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஐயர் என்று சொல்லப்பட்டு வருகிறது. வாஞ்சிக்கு ஓர் இளம் மனைவி இருந்தாள். ரயிலடிக்குப் புறப்பட்டவன் அவளிடம் என்ன சொல்லியிருப்பான்? ரகசியச் சங்கத்தில் சத்தியம் செய்தவன் என்ன சொல்ல முடியும்?

ஐயர் வாஞ்சியை நினைத்துக்கொண்டுதான் நாகராஜனை எழுதினார் என்று நான் சாதிக்கவில்லை. கதாசிரியன் மனசு அப்படி நேர்க்கோட்டில் வேலை செய்வதில்லை. ஆனால் பத்து வருஷம் ரகசியத்திலேயே மூச்சு விட்ட ஒருவர், ரகசியம் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத் தம் முதல் தரமான கதையில் எழுதியிருக்கிறார். மரம் அந்த நாகராஜனைப் பற்றிப் பேசும்போது அதன் குரலில் வெறுப்பு இல்லை, பரிவுதான் இருக்கிறது. அந்தப் பரிவு எனக்குப் பயமாக இருக்கிறது. கதைக்குள்ளே ஐயருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதனாலேயே சேரன்மாதேவி விவகாரத்தைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1922 கடைசியில் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கியது. தாய்மொழியில் கல்வி, விவசாயம், கைத்தொழில், தேகப்பயிற்சி, கூடவே உயர்ந்த இலக்கியம். வெள்ளைக்காரன் கொடுக்காத சர்வகலாசாலையை ஆற்றங்கரையில் தாமே எழுப்புகிற யத்தனம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் மூலமாக அது வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் கேள்வி எழுப்பினார்கள், மாகாணமே இரண்டுபட்டது.

ஐயர் ஜாதி பார்த்தவர் அல்லர். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். அவருக்கு விரோதமாக எழுதியவர்களில் பலரும் இதை மறுக்கவில்லை. அவருடைய பதில், அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது. இருக்கிற இருவருக்கு அந்த வாக்கு நிற்கட்டும், இனிச் சேருகிறவர்கள் சமபந்தியில்தான் உட்கார வேண்டும் என்ற மாதிரி காந்தி ஒரு யோசனை சொன்னார். தகராறு தீரவில்லை. 1925 ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டோடு ஈ. வெ. ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியல் அப்புறம் எந்தத் திசையில் போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐயரின் அன்பர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு பக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் சாப்பாட்டை வைத்து ஒரு மகானை நோகடித்தார்கள் என்று பெருமூச்சு விடுகிறார்கள். எதிர்த்தரப்பார், வேஷம் கலைந்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுக்கோடு சௌகரியமாக இருக்கிறது. முன்பாதிப் புரட்சிக்காரர் வேறு, பின்பாதி வைதிகர் வேறு!

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரகசியச் சங்கத்தில் வாழ்ந்தவனுக்குக் கொடுத்த வாக்கைவிடப் பெரியது கிடையாது. ஒருவனுக்குக் கொடுத்ததை அடுத்தவன் அறிய வேண்டியதும் கிடையாது. லண்டனிலும் பாரிஸிலும் புதுச்சேரியிலும் அந்தக் குணம்தான் அவரையும் அவர் சகாக்களையும் உயிரோடு வைத்தது. சேரன்மாதேவியிலும் அவர் அதே மனிதராகவே இருந்தார். பெற்றோர் இருவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம். பணம் கொடுத்த காங்கிரஸுக்கும், பிள்ளையை அனுப்பிய மற்றப் பெற்றோருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்து அறையில் இலை போட்டு உட்கார்ந்த மற்றப் பையன்களுக்கும் சொல்லாத ஒப்பந்தம். நாகராஜன் ருக்மிணிக்குச் சொல்லவில்லை அல்லவா, அதே மாதிரி. பின்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பியிருப்பார். பையன்கள் பெரியவர்களாகி, ஜாதி தானே உதிர்ந்துவிடும் என்று. அது வரையில் தாகம் எடுத்த பையன் எந்தப் பானையில் தண்ணீர் மொள்ளுவது?

கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்வதால் ஐயர் எனக்குச் சிறியவராகிவிடவில்லை. நிழலில் பழகிய கண் வெளிச்சத்துக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தை நடத்த முயன்றது. தாரக்நாத் தாஸைப் போல யாரோ கட்டிவைத்த மண்டபத்தில் பாடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் வேலையாக இருந்தால் இந்தச் சோதனை வந்திராது. கல்விச்சாலை என்பது, அடுக்களை உட்பட, நாலு பேர் பார்க்க நடக்க வேண்டிய காரியம். அந்தப் பழக்கம் அவருக்கு வருவதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தேவைப்பட்டிருக்கலாம். கிடைக்கவில்லை.

நாவலில் நான் ஒரு பாத்திரத்தை ஏப்ரலில் ராஜிநாமாச் செய்ய வைத்து ஜூனில் அருவியில் விழ வைத்தால் பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சம் இல்லை. சரித்திரக்காரர்களுக்கு அந்த அருவி நன்றாக உதவியிருக்கிறது. அதன் இரைச்சலில் முந்தின இரண்டு மாதம் காதில் விழாமல் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் ஐயரின் வாழ்க்கையை எழுதப் போகிறவர் வீர விக்கிரம சிங்கை நாலு வரியில் முடித்துவிட்டு, அந்த ஏப்ரலையும் மே மாதத்தையும் எழுத வேண்டும். நாற்பத்துநாலு வயசு மனிதர், தாம் கட்டிய பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அதிகாரமில்லாமல் நடமாடிய நாட்கள். பக்கத்தில் 'குளத்தங்கரை அரசமர'த்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது.

கம்பன் ஆராய்ச்சியின் கையெழுத்துப் பிரதி அவர் இருக்கும்போது அச்சேறவில்லை. 1950இல்தான் டில்லித் தமிழ்ச் சங்கம் அதைப் புத்தகமாக்கியது. பெல்லாரியில் அதை எழுதியபோது அவருக்கு வயது நாற்பதோ நாற்பத்தொன்றோ.